கட்டிலுக்கு அடியிலா... மாடிப்படிக்குக் கீழா? வீட்டு பீருக்கு இடம் தேடும் அமெரிக்கக் குடும்பங்கள்!

அடுப்பில் அண்டா போல ஒரு பெரிய பாத்திரம். அதில் முளைகட்டிய பார்லியின் சாறு தளதளவெனக் கொதிக்கிறது. வீடு முழுக்க ஹார்லிக்ஸ் காய்ச்சுவது போன்ற வாசனை. அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களின் சமையலறை விடுமுறை நாளில் இப்படித்தான் இருக்கும். காய்ச்சுகிற வேலை நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். பஞ்சாயத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ‘சரி, இதையெல்லாம் எங்கே வைக்கப் போறே?’

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாததால் கெட்டுப்போன பீர் உண்டு, நாறிப்போன கம்பளம் உண்டு, வெடித்த பாட்டிலும் உண்டு. வீட்டுக்குள் எதைச் சேர்த்து வைப்பதற்கும் ‘காலி இடம்’ இருந்தால் போதாது, ‘சரியான இடம்’ வேண்டும் என்பதற்கு இந்தப் பொழுதுபோக்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். நம் தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம். இது செய்முறைக் குறிப்பு அல்ல. ஆனால், கடல் கடந்த ஒரு நாட்டின் வீடுகளில் நடக்கும் இந்த இடத் தேடலில் நம் ஊறுகாய் ஜாடிக்கும், வீட்டில் போடும் இஞ்சி பானத்துக்கும்கூடப் பொருந்தும் பாடங்கள் இருக்கின்றன.

கார்ட்டர் போட்ட கையெழுத்து

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது. அது நீங்கியபோது வீட்டில் ஒயின் தயாரிக்க அனுமதி கிடைத்தது. பீருக்குக் கிடைக்கவில்லை. 45 ஆண்டுகள் கழித்து, 1978 அக்டோபர் 14-ம் தேதி அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரி முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது.

வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன் வரை வரி இல்லாமல் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. இதுதான் சட்டம். மாநிலங்கள் தனித்தனியாகவும் அனுமதிக்க வேண்டியிருந்தது. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-ல்தான் இறங்கி வந்தன. அதற்கு முந்தைய ஆண்டே வெள்ளை மாளிகை சமையலறையில், அங்கேயே வளர்த்த தேனீக்களின் தேனைச் சேர்த்து பீர் தயாரித்து, அதன் செய்முறையையும் வெளியிட்டார்கள். அப்போது அதிபர் பராக் ஒபாமா.

200 கேலன் என்றால் சுமார் 757 லிட்டர். சாதாரண 355 மில்லி பாட்டில் கணக்கில் இரண்டாயிரத்துக்கும் மேல்! எவ்வளவு தயாரிக்கலாம் என்று சொன்ன சட்டம், அதை வீட்டில் எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் வீட்டில் இருப்பவர்களிடம்தான்.

ஒரு ஈடு... முப்பது கிலோ!

இட்லிக்கு ஈடு கணக்கு இருப்பதுபோல வீட்டு பீருக்கும் ஒரு கணக்கு உண்டு. வழக்கமாக ஒரு ஈடு என்பது 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். பாட்டிலில் பிடித்தால் ஐம்பதுக்கும் மேல் வரும். கண்ணாடியின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. ஒரு அரிசி மூட்டையை வீட்டில் வைக்கிற மாதிரிதான். ஆனால், அரிசி மூட்டை வெடிக்காது!

இந்த 30 கிலோ ஒரே இடத்திலும் இருப்பதில்லை. முதலில் ஒன்று அல்லது இரண்டு வாரம், மூடிய வாளியில் நொதிக்க வேண்டும். அந்த நாள்களில் வாளியை நகர்த்தக் கூடாது, அடிக்கடி திறக்கவும் கூடாது. பிறகு கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்து, இன்னும் இரண்டு வாரம் மிதமான சூட்டில் வைத்தால்தான் நுரை கட்டும். அதற்குப் பிறகு குடித்துத் தீர்க்கிற வரை இருப்பு. இதற்கிடையே ஆர்வக்கோளாறில் அடுத்த ஈடு போட்டுவிட்டால், எல்லாமே இரண்டு மடங்கு.

கணக்கில் வராத இன்னொன்று, காலி பாட்டில்கள். அடுத்த ஈட்டுக்கு வேண்டுமே என்று ஒன்றைக்கூடத் தூக்கிப்போட மனசு வராது. கழுவிக் கவிழ்த்து, பெட்டி பெட்டியாக அடுக்கிவைப்பார்கள். நிறைந்த பாட்டில் ஒரு நாள் தீரும். காலி பாட்டில் தீரவே தீராது.

பெயரிலேயே இருக்கிறது விஷயம்

இடம் தேடுவது இன்றைக்குப் பிறந்த தலைவலி அல்ல. பீருக்குப் பெயர்போன ஜெர்மனியின் பவேரியாவில் இது அரசாங்கப் பிரச்னையாகவே இருந்தது. கோடையில் தயாரித்த பீர் சூட்டில் கெட்டுப்போகிறது என்பதால், 1553-ல் ஒரு கட்டளை வந்தது. ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை யாரும் பீர் காய்ச்சக் கூடாது. அப்படியானால் கோடை முழுவதற்கும் வேண்டியதைக் குளிர்காலத்திலேயே காய்ச்சி, கெடாமல் வைத்திருக்க வேண்டும்.

பூமிக்கு அடியில் நிலவறைகளைத் தோண்டினார்கள். குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி உள்ளே அடுக்கினார்கள். நிலவறையின் மேல் வெயில் படாமலிருக்க, அகன்ற இலைகள் கொண்ட செஸ்ட்நட் மரங்களை நட்டு, தரையில் சரளைக்கல் பரப்பினார்கள். கோடையில் அந்த நிழலில் ஜனங்கள் வந்து உட்கார, மியூனிக் நகரின் புகழ்பெற்ற ‘பீர் தோட்டங்கள்’ அப்படித்தான் பிறந்தன. பீரைப் பாதுகாக்க நட்ட மரம், ஊருக்கே நிழல் தந்தது!

‘லாகர்’ என்ற பீர் வகையின் பெயரும் இப்படி வந்ததுதான். ஜெர்மன் மொழியில் ‘லாகர்ன்’ என்றால் சேமித்து வைத்தல். 1870-களில் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிர்பதன இயந்திரத்தை முதலில் ஆதரித்தவர்களும் மியூனிக் பீர் ஆலைக்காரர்கள்தான். இன்று நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னோடியான இயந்திரங்களில் அதுவும் ஒன்று.

மூன்று எதிரிகள்

சரி, வீட்டுக்கு வருவோம். எந்த மூலை நல்ல மூலை என்று தெரிய, பீருக்கு எது ஆகாது என்று தெரிந்தால் போதும்.

முதல் எதிரி வெளிச்சம். பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அந்தக் கசப்புப் பொருள் வெயில் பட்டால் சிதைந்து, கந்தக வாடை கொண்ட ஒன்றாக மாறிவிடும். அமெரிக்காவில் ‘ஸ்கங்க்’ என்றொரு பிராணி உண்டு. மிரண்டால் சகிக்க முடியாத நாற்றத்தைப் பீய்ச்சியடிக்கும். வெயில் பட்ட பீரின் வாடையும் அதே ரகம் என்பதால் ‘ஸ்கங்க் ஆகிவிட்டது’ என்பார்கள். நேரடி வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் அழகுக்குத்தான்.

இரண்டாவது எதிரி வெப்பம். பீர் தொழிலில் ‘3-30-300’ என்று ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். 32 டிகிரி செல்சியஸில் 3 நாள் இருந்தால் எவ்வளவு சுவை கெடுமோ, 22 டிகிரியில் 30 நாளிலும், 3 டிகிரியில் 300 நாளிலும்தான் அவ்வளவு கெடும். பழசாகிப்போன பீரில் நனைந்த அட்டைப்பெட்டி போல ஒரு ருசி வரும் என்கிறார்கள். நம் ஊர் கத்திரி வெயிலில் அறைக்குள்ளேயே 32 டிகிரியைத் தாண்டுகிறதே... எண்ணெய்ப் பலகாரமும் நெய்யும் சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில் என்ன ஆச்சர்யம்!

மூன்றாவது, ஏற்ற இறக்கம். பகலில் கொதித்து இரவில் குளிரும் இடம் ஆகவே ஆகாது. கொஞ்சம் சூடாக இருந்தாலும் ஒரே சீராக இருக்கும் மூலை, சில்லென்று ஆகிப் பிறகு தகிக்கும் மூலையைவிட மேல்.

இதற்கு மேல் ஒரு நிபந்தனையும் உண்டு. பாட்டில் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஒயின் பாட்டிலில் தக்கை காயாமலிருக்கப் படுக்கவைப்பார்கள். வீட்டு பீரில் ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும். படுக்கவைத்தால் பக்கவாட்டில் படிந்து, ஊற்றும்போது கலங்கிவிடும்.

வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு

இந்த நிபந்தனைகளோடு ஒரு சராசரி அமெரிக்க வீட்டைச் சுற்றிவருவோம்.

பேஸ்மென்ட்: வட மாநில வீடுகளில் தரைக்குக் கீழே இருக்கும் இந்த நிலவறைதான் முதல் பரிசு. இருட்டு, குளிர்ச்சி, சீரான வெப்பநிலை எல்லாமே உண்டு. ஆனால், டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற தென்மாநிலங்களில் பெரும்பாலான வீடுகளில் பேஸ்மென்ட்டே கிடையாது. துணி உலர்த்தும் இயந்திரமும் வெந்நீர் ஹீட்டரும் பேஸ்மென்ட்டில் இருந்தால், அவற்றிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும்.

உடைகள் வைக்கும் கிளாசெட்: அபார்ட்மென்ட்காரர்களுக்கு இதுதான் கை கொடுக்கும். வெளிச்சுவரை ஒட்டாமல், வீட்டின் நடுப்பகுதியில், ஜன்னல் இல்லாமல் இருக்கும் அலமாரி உத்தமம். அதிலும் தரையில்தான் வைக்க வேண்டும். 30 கிலோவை மேல் தட்டில் ஏற்றினால் தட்டும் இறங்கும், தலையும் வீங்கும்.

மாடிப்படிக்குக் கீழே: இங்கிலாந்து வீடுகளில் துடைப்பமும் பழைய ஷூவும் வசிக்கும் இந்தச் சாய்வு அலமாரியை அந்த ஊர் பீர் ஆர்வலர்கள் விடுவதில்லை. இருட்டு, அதிக நடமாட்டமும் இல்லை.

கட்டிலுக்கு அடியில்: கேட்க நன்றாக இருக்கும். ஆனால், வழக்கமான பாட்டிலின் உயரமே சுமார் 23 சென்டிமீட்டர். அது நிமிர்ந்து நிற்க வேண்டும். பெட்டியோடு சேர்த்து 25 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத கட்டில் இதற்கு உதவாது. தூங்குகிறவர் தலைக்கு நேர் கீழே அழுத்தம் ஏறிய கண்ணாடியை வைப்பதும் நல்லதில்லை.

கராஜ்: இடம் தாராளம், ஆனால், ஆபத்தும் தாராளம். வடக்கே குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். பீரில் பெரும்பங்கு தண்ணீர்தான். உறைந்தால் விரியும், பாட்டில் விரிசல் விடும். தெற்கே கோடையில் அதே கராஜ் அடுப்பாகிவிடும்.

பரண்: கூரைக்கு நேர் கீழே இருப்பதால் வீட்டிலேயே மோசமான இடம் இதுதான். ஃப்ரிட்ஜின் தலைமேலும், அடுப்பை ஒட்டிய அலமாரியும் இதே பட்டியலில் சேரும். ஃப்ரிட்ஜ் உள்ளேதான் குளிர்ச்சி. வெளியே அனலைத்தான் தள்ளுகிறது.

நொதிக்கும் வாளிக்கு மட்டும் சிலர் விசித்திரமான இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது, விருந்தாளிகளுக்கான பாத்ரூமின் குளியல் தொட்டி! நுரை பொங்கி வழிந்தாலும் கழுவிவிட்டால் போச்சு. கோடையில் வாளியை ஒரு தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரமான பழைய டி-ஷர்ட்டைப் போர்த்தி, மின்விசிறியைத் திருப்பிவைப்பதும் உண்டு. நம் மண்பானை தண்ணீரைக் குளிரவைக்கும் அதே தத்துவம்தான். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

டயர் அழுத்தத்தில் ஒரு கண்ணாடி

இதுவரை சொன்னது ருசி விஷயம். இனி உயிர் விஷயம்.

சரியாக நுரை கட்டிய பாட்டிலுக்குள், சாதாரண அறை வெப்பநிலையில், ஏறக்குறைய கார் டயருக்குள் இருக்கும் அளவுக்கு அழுத்தம் இருக்கும். பீர் பாட்டில் இதைத் தாங்கும் கனத்தில்தான் செய்யப்படுகிறது. ஆனால், நொதித்து முடியும் முன்பே அவசரப்பட்டு அடைத்தாலோ, சர்க்கரை கூடிவிட்டாலோ, சரியாகக் கழுவாத பாட்டிலில் வேறு கிருமி புகுந்துவிட்டாலோ, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இடமும் சூடாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு பாட்டில் வெடித்தால், அதன் சில்லு பட்டுப் பக்கத்து பாட்டில்களும் வெடிக்கும். ‘பாட்டில் பாம்’ என்றே இதற்குப் பெயர்.

இதைத் தவிர்க்க அனுபவசாலிகள் நான்கு வழிகளைக் கடைப்பிடிக்கிறார்கள்.

ஒன்று, ஹைட்ரோமீட்டர். பாலைச் சோதிக்கும் லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு. சில நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை பார்த்து, அளவு மாறாமல் இருந்தால்தான் நொதித்து முடிந்தது என்று அர்த்தம். அதன் பிறகே பாட்டிலில் அடைப்பார்கள்.

இரண்டு, சரியான பாட்டில். ஜாம் பாட்டில், சாதாரண ஒயின் பாட்டில், அழகுக்காகச் செய்த சதுர பாட்டில் எதுவும் அழுத்தத்தைத் தாங்காது.

மூன்று, ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பங்கை மட்டும் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துவைப்பது. கையால் அழுத்திப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். கல் போல இறுகிவிட்டால் எல்லாவற்றையும் குளிரில் வைக்கும் நேரம் வந்துவிட்டது. குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும்.

நான்கு, பாட்டில்களைத் திறந்த அலமாரியில் வரிசையாக நிறுத்தாமல், மூடியுள்ள கனமான பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பது. வெடித்தாலும் சில்லு பெட்டிக்குள்ளேயே அடங்கும், கம்பளமும் தப்பிக்கும். அப்படி ஒன்று வெடித்துவிட்டால், வெறுங்கையோடு திறந்து பார்க்கக் கூடாது. கண்ணாடியும் தடித்த கையுறையும் அவசியம்.

இஞ்சி, சர்க்கரை, ஈஸ்ட் போட்டு வீட்டில் நுரைக்கும் இஞ்சி பானம் தயாரிப்பவர்கள் நம் பக்கமும் இருக்கிறார்கள். இந்த நான்கில் குறைந்தபட்சம் பிளாஸ்டிக் பாட்டில் பாடத்தை அவர்கள் மறக்கவே கூடாது. நம் வெயிலில் நொதிப்பு இன்னும் வேகம்.

பாட்டிலே வேண்டாம் என்று, 19 லிட்டர் பிடிக்கும் எஃகு உருளைக்கு மாறுபவர்களும் உண்டு. குளிர்பான நிறுவனங்கள் ஒரு காலத்தில் பயன்படுத்திய அந்த உருளையை ஒரு பழைய ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் ஐம்பது பாட்டிலின் இடம் மிச்சம். ஆனால், கூடவே கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வரும். காற்றைவிடக் கனமான அந்த வாயு கசிந்தால், காற்றோட்டமில்லாத சிறிய அறையின் தரையோரம் தேங்கும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சிலிண்டரை நிமிர்த்தி, சாயாமல் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வைப்பதுதான் பாதுகாப்பு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பீர் இருக்கும் இடத்துக்குப் பூட்டும் வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

இடம் யாருடையது?

இன்று இது பெரும்பாலும் ஆண்களின் பொழுதுபோக்காகத் தெரிகிறது. சரித்திரம் வேறு கதை சொல்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் ரொட்டி சுடுவதைப்போல பீர் காய்ச்சுவதும் வீட்டுப் பெண்களின் வேலை. ‘ப்ரூஸ்டர்’ என்ற சொல்லே பீர் காய்ச்சும் பெண்ணைக் குறிக்கப் பிறந்ததுதான்.

அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையில் பீருக்கென்றே ஒரு நிலவறை உண்டு. 1770-களில் அங்கே ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15 கேலன் பீருக்கு ஏற்பாடு செய்தவர் அவர் மனைவி மார்த்தா. பிற்காலத்தில், 1813 முதல், அந்தப் பொறுப்பு பீட்டர் ஹெமிங்ஸ் என்பவரிடம் வந்தது. கைதேர்ந்த சமையல்காரரான அவர், ஜெஃபர்சனின் அடிமைகளில் ஒருவர். ஊரே மெச்சிய பீர் எஜமானரின் பெயரில் இருந்தது; நிலவறைக்கு இறங்கி ஏறிய கால்கள் வேறு ஒருவருடையவை.

இன்றைய வீட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். காய்ச்சும் ஆசை ஒருவருக்கு. அலமாரி எல்லோருக்கும் சொந்தம். குளிர்காலக் கம்பளிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு வாளியை உள்ளே வைக்கிறவர், ‘இது இன்னும் எத்தனை நாளைக்கு இங்கேயே இருக்கும்?’ என்ற கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அந்த வாசனை பிடிக்காதவர், தவழும் குழந்தை, இரவில் தடுமாறி நடக்கும் பெரியவர் எல்லோரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். மதுவை விட்டு மீண்டுவருகிற ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த பாட்டில்களுக்கு எந்த மூலையும் சரியான மூலை இல்லை.

அபார்ட்மென்ட்வாசிகள் பலர் இப்போது 5 கேலனை விட்டு, 1 கேலன் ஈட்டுக்கு மாறியிருக்கிறார்கள். பத்து பாட்டில்தான் வரும். ஒரே ஒரு அட்டைப்பெட்டி. கிளாசெட்டின் ஒரு மூலை போதும். தீர்ந்த பிறகு அடுத்தது. தயாரித்துவிட்டு இடம் தேடுவதற்குப் பதிலாக, இருக்கிற இடத்தை அளந்துவிட்டுத் தயாரிக்கிறார்கள்.

ஆவணி பிறந்ததும் மாவடு ஜாடியைத் திறந்து பார்த்து, ‘அடுத்த வருஷம் பாதி போட்டா போதும்’ என்று சொல்லும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும்!